பூட்டுப் படம் இருந்தால் போதுமா? 2014 ஜூலையில் நடந்த கதை



வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், வெப்சைட் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அது ஒரிஜினல்தானே?" "பெரும்பாலும் ஆம்" என்றேன். "அதென்ன சேர் பெரும்பாலும்?" என்றான். அவனுக்குச் சொன்ன வரலாற்றை இங்கும் எழுதுகிறேன்.

ஒரு தளம் தன்னை நிரூபிக்க ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். நமது பிரவுசர் நம்பும் நிறுவனம் ஒன்று அதில் கையொப்பம் இட்டிருந்தால் பூட்டு விழும். கையொப்பமிட்டவரே தவறினால்?

2014 ஜூலை 2ஆம் திகதி, தனது முகவரிகளுக்குத் தான் கேட்காத சான்றிதழ்கள் இருப்பதை கூகுள் கண்டது. அவற்றை வழங்கியது இந்திய அரசின் தேசிய தகவலியல் மையம். மறுநாளே இந்தியாவின் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர் அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்துச் செய்தார். வழங்கும் முறைக்குள் யாரோ ஊடுருவியதாகவும், நான்கே சான்றிதழ்கள் தவறாகப் போனதாகவும் சொல்லப்பட்டது. அந்த நான்கில் இல்லாத வேறு சிலவும் தன் கண்ணில் பட்டதாக கூகுள் சொன்னது. ஜூலை 10இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட அறிவிப்பில் 40க்கும் மேற்பட்ட கூகுள், யாகூ முகவரிகள் இருந்தன.

இதில் நமக்கு என்ன? இந்தியக் கட்டுப்பாட்டாளரை வின்டோஸ் நம்பியது. ஆகவே டில்லியில் நடந்த தவறை சம்மாந்துறையில் இருந்த வின்டோஸ் கணினியும் உண்மை என்றே ஏற்றிருக்கும். தனக்கென வேறு பட்டியல் வைத்திருந்த பயர்பொக்ஸ் தப்பியது.

"அதுதான் ரத்துச் செய்தாயிற்றே" என்பீர்கள். நெல் விற்று வாங்கிய செக்கை நினைத்துப் பாருங்கள். கொடுத்தவர் வங்கியில் அதை நிறுத்தச் சொல்லியிருந்தாலும் உங்கள் கையிலிருக்கும் தாள் அப்படியேதான் இருக்கும். வங்கியைக் கேட்டால்தான் தெரியும். பிரவுசரும் அப்படிக் கேட்க வேண்டும். ஆனால் பதில் வராவிட்டால் பெரும்பாலான பிரவுசர்கள் "பரவாயில்லை" என்று உள்ளே விட்டன. நடுவில் நிற்கும் திருடனுக்கு அந்தப் பதிலை மறிப்பது பெரிய வேலையா? அதனால்தான் குரோம் 2012இலேயே ஒவ்வொரு முறையும் கேட்பதை விட்டுவிட்டு, ரத்தானவற்றின் பட்டியலைத் தானே கணினிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 2014இலும் அந்த வழிதான் கைகொடுத்தது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் எடுத்த போலிச் சான்றிதழ், ஈரானில் மக்களின் மின்னஞ்சலை ஒட்டுக்கேட்கப் பயன்பட்டது. அந்த நிறுவனம் அதே ஆண்டில் வங்குரோத்தானது.

இன்று உலகம் வேறு வழிக்கு வந்திருக்கிறது: சான்றிதழின் ஆயுளையே குறைப்பது. இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் 90 நாள் சான்றிதழோடு தொடங்கியது. 2029 மார்ச் முதல் எந்தப் பொதுத் தளத்துக்கும் உச்ச அளவு 47 நாள்தான்.

பாடசாலைக்கோ சங்கத்துக்கோ வெப்சைட் நடத்தும் தம்பி தங்கைமாருக்கு மூன்று விடயம். சேர்வரில் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை வையுங்கள். உங்கள் சான்றிதழோடு இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பும்படி அமையுங்கள். இரகசியச் சாவி கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே ரத்துச் செய்து, புதுச் சாவியோடு புதுச் சான்றிதழ் எடுங்கள். அதில் தாமதித்தால் உங்களை நம்பி வந்தவர்தான் நட்டப்படுவார்.

அந்த மாணவனுக்கும் இதைத்தான் சொன்னேன்: யார் கையொப்பமிட்டது என்று மட்டும் பார்க்காதே, அது இன்னும் செல்லுபடியாகுமா என்றும் கேள்.