கட்டிலிலிருந்து ஏற்றத்துக்கு

2020 மே 26 அன்று இலங்கையின் மலையகத் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் மாரடைப்பால் காலமானார். வயது 55. மே 31 அன்று நோர்வூட் மைதானத்தில் அவருடைய இறுதிக்கிரியை நடந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 2017 மே 12 இல், அதே நோர்வூட்டில்தான் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்கள் முன் பேசினார். பக்கத்து டிக்கோயாவில் இந்திய உதவியோடு எழுந்த 150 படுக்கை ஆஸ்பத்திரி அன்றைக்குத்தான் திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரி வந்தால் மாரடைப்பில் பிழைப்பவர்களும் கூடுவார்கள். பிழைத்து, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்புகிறவர் மறுபடி மலை ஏறலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகில் உண்டு. இதய மறுவாழ்வு என்ற அந்தத் தொழிலின் வரலாறு கொஞ்சம் விசித்திரமானது.

நெஞ்சுவலியை 1772 இல் முதன்முதலாகத் தெளிவாக எழுதிவைத்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், பின்னாளில் ஒரு நோயாளியைப் பற்றியும் குறித்திருக்கிறார். அந்த மனிதர் தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்தார், வலி ஏறக்குறைய நீங்கிவிட்டது. இவ்வளவு நல்ல குறிப்பை மருத்துவ உலகம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கண்டுகொள்ளவே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவருக்குக் கட்டில்தான் மருந்து. காயம்பட்ட இதயத் தசை ஆற ஆறு வாரம் வேண்டும், அதுவரை அசையக்கூடாது என்றார்கள். சிலருக்குச் சாப்பாட்டைக்கூடத் தாதிதான் ஊட்டினார். அசையாமல் கிடந்த கால்களில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரை வாங்கியதும் உண்டு.

பொஸ்டனில் சாமுவேல் லெவின் என்ற மூத்த மருத்துவரும் பெர்னார்ட் லவுன் என்ற இளையவரும் கட்டிலுக்குப் பதிலாக ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். 81 நோயாளிகளை ஆரம்ப நாட்களிலேயே தூக்கி அதில் உட்காரவைத்து, 1952 இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இது கொலைபாதகம் என்று சக மருத்துவர்கள் கொதித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, நோயாளிகள் தேறினார்கள். 1955 இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, நடந்து பழகவேண்டும் என்ற கொள்கையுள்ள போல் டட்லி வைட் அவரைப் பார்த்துக்கொண்டார். ஐசனோவர் அடுத்த ஆண்டு தேர்தலில் நின்று வென்றார். நாற்காலி செய்யாத பிரசாரத்தை அந்தத் தேர்தல் செய்துவிட்டது.

இடையில், 1953 இல், ஜெரி மொரிஸ் லண்டன் பஸ் ஊழியர்களின் கணக்கை வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்திருந்த சாரதிகளைவிட, இரட்டைத்தட்டு பஸ்ஸில் படியேறி இறங்கி டிக்கெட் கிழித்த கொண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு. அந்த லண்டன் பஸ்களில் பல பழசான பிறகு கப்பலேறி இலங்கைக்கு வந்து இலங்கைப் போக்குவரத்துச் சபையில் ஓடின. கொண்டக்டரின் ஆயுள் இரகசியமும் கூடவே வந்ததாக யாரும் கவனிக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு உண்மையான அடித்தளம் போட்டவர் கிளீவ்லாண்டின் ஹேர்மன் ஹெலர்ஸ்டைன் எனலாம். இதயநோய் வந்தவரை வேலைக்கு எடுக்க முதலாளிகள் பயந்த காலம் அது. அவர் தொழிற்சாலைக்கே போய், ஒவ்வொரு வேலையும் உடம்பிலிருந்து எவ்வளவு சக்தியைக் கேட்கிறது என்று அளந்தார். உருக்காலை வேலைகள் பலவும் நினைத்த அளவுக்குப் பாரமானவை அல்ல என்று தெரிந்தது. வேலையின் பாரம் ஒரு தட்டு, இதயத்தின் பலம் மறு தட்டு. இரண்டையும் நிறுத்துப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. சியாட்டிலில் ரொபர்ட் புரூஸ், மூன்று நிமிடத்துக்கொரு தரம் சரிவும் வேகமும் கூடும் ஓடுபொறிச் சோதனையை 1963 இல் ஒழுங்குபடுத்திய பிறகு அந்த நிறுவை எளிதாயிற்று.

ஓடுபொறி தேயிலைத் தோட்டத்துக்கும் வந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த கார்ட்னர், எட்ஜர்டன் முதலானோர் இலங்கை மருத்துவப் பேராசிரியர் பிரயன் செனவிரத்னவோடு சேர்ந்து தோட்டப் பெண்கள் 75 பேரை அதில் நடக்கவைத்து, 1977 இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் தேடியது மாரடைப்பையல்ல, இரத்தச்சோகையை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தவர்கள் சீக்கிரமே களைத்தார்கள், அவர்களுடைய இதயம் அதிவேகமாக அடித்தது. இரும்புச்சத்து கொடுத்தபோது பறித்த கொழுந்தின் அளவு கூடியது என்பதை 1979 இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது. கிளீவ்லாண்டில் ஹெலர்ஸ்டைன் செய்ததன் மலையகப் பதிப்பு என்று இதைச் சொல்லலாம். ஒரேயொரு வருத்தம்: கணக்கில் கடைசியாக நின்றது மறுபடியும் கொழுந்தின் கிலோதான்.

தோட்ட வைத்தியம் தொடக்கத்திலிருந்தே அந்தக் கணக்கோடு பிறந்ததுதான். 1872 இன் மருத்துவத் தேவைகள் சட்டம் கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் கிடைக்க வழி செய்தது. டிஸ்பென்சரியில் முடிவாகவேண்டிய விஷயம் ஒன்றே: இன்றைக்குப் பிரட்டுக்கு (காலை ஆளெடுப்புக்கு) வர முடியுமா, முடியாதா? பாதி முடியும், ஆறு வாரத்தில் முழுதாக முடியும் என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை. இதய மறுவாழ்வு என்பதே அந்த நடுப்பதில்தான்.

ஓய்வாக இருக்கும் உடம்பின் சக்திச் செலவை ஒன்று என்று வைத்தால், சமதரையில் நடப்பதற்கு மூன்று, மூன்றரை போதும். சில கிலோ சுமையோடு மலையேற ஏழைத் தாண்டும். சமவெளி ஆஸ்பத்திரியில் “தினமும் அரைமணி நடங்க” என்று சொல்வது சுலபம். நோர்வூட்டைச் சுற்றிய தோட்டங்களில் லயத்துக்கும் பாதைக்கும் இடையிலேயே ஏற்றம் இருக்கிறது. கூடையோடு நெறை (கொழுந்து பறிக்கும் வரிசை) பிடிப்பதும், பறித்ததைத் தராசுக்குச் சுமப்பதும் அதற்கு மேல். ஆகவே இங்கே இந்த வேலைக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் முதலில் படிக்கவேண்டியது நோயாளி போய்வரும் பாதையை. ஆறு நிமிடத்தில் அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார், ஏறும்போது மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா, எந்தத் திருப்பத்தில் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். ஒரு கைக்கடிகாரமும் பொறுமையும் போதும்.

பலன் இல்லாத வேலையும் அல்ல. 85 சோதனைகளைத் திரட்டிய 2021 இன் கொக்ரேன் ஆய்வில், உடற்பயிற்சி சார்ந்த இதய மறுவாழ்வு பெற்றவர்களிடம் இதயநோய் மரணம் ஏறக்குறைய கால்வாசி குறைந்திருந்தது.

இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் யோகாவை அடிப்படையாகக் கொண்ட பயிற்சியைச் சோதித்து, 2020 இல் முடிவை வெளியிட்டார்கள். மரணமும் மறுதாக்குதலும் குறைந்ததாக அதில் உறுதியாக நிறுவ முடியவில்லை. ஆனால் மாரடைப்புக்கு முந்திய வேலைகளுக்குத் திரும்பியதில் யோகா செய்தவர்களே முந்தினார்கள். அதற்கு இயந்திரம் வேண்டாம், ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் போதும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில்கூட அது முடியும், வீட்டு ஆட்கள் எல்லாரும் மலைக்குப் போயிருக்கும் பகல் நேரமாகப் பார்த்துச் செய்தால்.