25 சைக்கிள் கரண்டும் 25 பின் பிரின்டரும்

போன மாதம் ஊரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். என் தங்கையின் கணவர். கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருக்கிறார். "மச்சான், பழைய கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. புதுசு வாங்கிட்டேன். ஆனா பிரின்டர் ஒயரைச் செருக அதுல இடமே இல்ல. முந்நூறு ரூபாய்க்கு ஒரு கன்வர்ட்டர் ஒயர் இருக்குன்னு கடைக்காரர் சொல்றார். வாங்கிடலாமா?"

அவரிடம் இருப்பது டிவிஎஸ் எம்எஸ்பி 250 சாம்பியன் என்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். (சாம்பியன் ரீஃபில் பிறந்தவர் வேறு எதை வாங்குவார்? :-)) அது போடும் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரருக்கும் வியாபாரம் ஆனது தெரிந்துவிடும். ஆனாலும் கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று பில் அடிக்க அதைவிட்டால் ஆள் கிடையாது. அதை ஓட்டும் புரோகிராம் தொண்ணூறுகளில் யாரோ எழுதிக் கொடுத்த டாஸ் புரோகிராம். மண்டியின் இருபத்தைந்து வருடக் கடன் கணக்கு மொத்தமும் அதற்குள்தான் இருக்கிறது. பிரின்டர் ஓடாவிட்டால் பில் மட்டும் நிற்காது, யார் எவ்வளவு தர வேண்டும் என்பதும் அந்தப் பெட்டிக்குள்ளேயே நின்றுபோகும்.

"வாங்கலாம்", "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத கேள்வி இது. பழைய சாமானைப் புதிய மெஷினோடு இணைப்பது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்பதற்கு எங்கள் ஊரிலேயே நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கேஜிஎஃப்காரர்கள் யாரைக் கேட்டாலும் "ஆசியாவிலேயே முதல்ல கரண்ட் வந்தது எங்க ஊருக்குத்தான்" என்பார்கள். பெருமை பேசுவதில் தப்பில்லை, ஆனால் அது சரியில்லை. டார்ஜிலிங் பக்கத்தில் சித்ராபோங்கில் 1897லேயே நீர்மின் நிலையம் வந்துவிட்டது. நம் ஊரின் உண்மையான பெருமை வேறு. சுரங்கங்களுக்கு ஓயாமல் சக்தி வேண்டும். ஸ்டாம்ப் மில், கம்ப்ரெசர், பம்ப் எல்லாமே நீராவியில் ஓடின. கோலார் சீமையில் நிலக்கரி கிடையாது, எங்கிருந்தோ ரயிலில் வர வேண்டும். இந்த நிலைமையில்தான் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுவரலாம் என்ற யோசனை பிறந்தது. அதை முன்னெடுத்தவர் மைசூர் அரசில் பொறியாளராக இருந்த ஜோலி டி லோட்பினியேர், கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். பின்னால் நின்றவர் திவான் சேஷாத்ரி ஐயர். எதிர்ப்பக்கத்தில் வாடிக்கையாளர்கள், சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்.

மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடமிருந்து வந்தன, டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸிடமிருந்து. 720 கிலோவாட் ஜெனரேட்டர்கள் ஆறு. அருவியிலிருந்து சுரங்கம் வரை 92 மைல் கம்பி, அதாவது 148 கிலோமீட்டர். அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. 1902 ஜூன் 30 அன்று மின்சாரம் கேஜிஎஃப் வந்து சேர்ந்தது. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை, 1901லேயே காலமாகிவிட்டார். பெங்களூர் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905 ஆகஸ்டில்தான். பெங்களூர்க்காரர்களிடம் பெருமை பேச இது போதாதா?

இனிமேல்தான் விஷயமே. சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம் 25 சைக்கிள். இன்று நம் வீடுகளில் இருப்பது 50. அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை போய் வருகிறது என்ற கணக்கு. நயாகராவில் 1895லேயே 25ஐத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மெதுவாகச் சுற்றும் பெரிய மோட்டார்களுக்கு அது வசதி. மில்லுக்கும் பம்ப்புக்கும் அருமையான கரண்ட். விளக்குக்குத்தான் ஆகாது, கண்ணுக்குத் தெரியும்படி துடிக்கும்.

பிற்பாடு உலகம் வேறு பக்கம் போனது. இந்தியாவுக்கு 50 என்று ஆயிற்று. மைசூர் மாநிலத்திலேயே ஜோக் அருவியில் 1948ல் வந்த பெரிய மின்நிலையம் 50ல்தான் ஓடியது. இப்போது யோசித்துப் பாருங்கள். உங்களிடம் 25 சைக்கிளுக்கென்று செய்த மோட்டார் இருக்கிறது, வருகிற கரண்டோ 50. வோல்டேஜ் ஒன்றுதான், ஒயரும் ஒன்றுதான். போல்ட்டை முறுக்கினால் கனெக்‌ஷன் ஆகிவிடும். ஆனால் 1500 சுற்று சுற்ற வேண்டிய மோட்டார் 3000 சுற்றப் பார்க்கும். நேர்மாறாக 50க்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை 25ல் மாட்டினால், இரும்புக்குள் காந்தப் பாயம் இரண்டு மடங்காகி, கரண்ட் எகிறி, கருகிவிடும். செருக முடிகிறது என்பதற்காக இரண்டும் பொருந்திவிட்டன என்று அர்த்தமில்லை.

இதற்கு உலகம் முழுக்கப் பயன்பட்ட வழி அதிர்வெண் மாற்றி. ஒரே அச்சில் ஒரு மோட்டாரும் ஒரு ஜெனரேட்டரும். மோட்டாருக்கு 20 துருவம், 50 சைக்கிளில் அது நிமிடத்துக்குச் சரியாக 300 சுற்று சுற்றும். ஜெனரேட்டருக்கு 10 துருவம், அதே 300 சுற்றில் அது 25 சைக்கிள் கொடுக்கும். இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒயர் தொடர்பே கிடையாது, சுற்றும் இரும்புத் தண்டு மட்டும்தான். ஒரு மொழியைக் காதில் வாங்கி இன்னொரு மொழியில் பேசும் துபாஷி மாதிரி.

25 சைக்கிளா, அதெல்லாம் மியூசியத்தில்தானே இருக்கும் என்கிறீர்களா? நான் இருப்பது நியூ ஜெர்சியில். தினமும் நியூயார்க் போக நான் ஏறும் ரயில் இன்றைக்கும் 25 சைக்கிளில்தான் ஓடுகிறது! பழைய பென்சில்வேனியா ரயில்ரோட் கம்பெனி 1915ல் ஃபிலடெல்ஃபியா பக்கம் ஆரம்பித்து, 1935ல் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் வரை அந்தக் கணக்கிலேயே மின்பாதை போட்டது. அமெரிக்காவின் பொது மின்சாரம் 60 சைக்கிள். பாதை முழுவதையும் மாற்றுவதற்குப் பதில், 60ஐ வாங்கி 25 ஆக்கித் தரும் நிலையங்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். அப்படி ஒன்று எங்கள் எடிசனுக்குப் பக்கத்திலேயே மெட்டச்சனில் இருக்கிறது. தொண்ணூறு வருடமாக ஒரு அடாப்டரை நம்பி லட்சக்கணக்கான பேர் வேலைக்குப் போய் வருகிறோம்.

சரி, மாப்பிள்ளையின் பிரின்டருக்கு வருவோம். கம்ப்யூட்டர் அடாப்டர்களும் இதே கதைதான். என் கணக்கில் அவை மூன்று ஜாதி.

முதல் ஜாதி, உருவத்தை மட்டும் மாற்றுவது. பழைய கீபோர்டில் ஐந்து பின் வைத்த தடித்த உருண்டை பிளக் இருக்கும். 1987ல் ஐபிஎம் பிஎஸ்/2 வந்தபோது அது ஆறு பின் சின்ன உருண்டையாகிவிட்டது. உள்ளே ஓடிய சிக்னல் அதேதான். அதனால் வெறும் பித்தளையும் பிளாஸ்டிக்கும் போதும், கேள்வி கேட்காமல் வேலை செய்யும்.

இரண்டாம் ஜாதி, அளவை மாற்றுவது. சீரியல் போர்ட்டின் ஆர்எஸ்-232 தரம் 1960ல் மோடம், டெலிபிரின்டருக்காக வந்தது. அதில் 3 வோல்ட்டிலிருந்து 15 வோல்ட் வரை, பிளஸ்ஸிலும் மைனஸிலும் சிக்னல் போகும். சிப்புகளுக்குள்ளேயோ பூஜ்யமும் ஐந்தும்தான். நடுவில் மாக்ஸ்232 போல ஒரு சின்ன சிப் வேண்டும். இது நம்ம டிரான்ஸ்ஃபார்மர் வேலை.

மூன்றாம் ஜாதி, மொழியையே மாற்றுவது. யூஎஸ்பி அடாப்டர்கள் இங்கேதான் வருகின்றன. நம் அதிர்வெண் மாற்றியின் சொந்தக்காரர்கள்.

பிரின்டர் போர்ட்டின் பிறப்பே வேடிக்கை. 1970ல் சென்ட்ரானிக்ஸ் கம்பெனி தன் 101ஆம் மாடல் பிரின்டரைச் செய்தபோது, தாய்க் கம்பெனியான வாங்கில் வேறு எதற்கோ வாங்கி மிஞ்சிய 36 பின் கனெக்டர்கள் சுமார் 20,000 கிடந்தன. அதையே மாட்டிவிட்டார்கள்! மிச்சச் சரக்கு உலகத் தரமாகிவிட்டது. 1981ல் ஐபிஎம் பிசி வந்தபோது கம்ப்யூட்டர் பக்கத்தில் மட்டும் 25 பின் வைத்தார்கள். எட்டு ஒயரில் எட்டு பிட் ஒன்றாகப் போகும். "எடுத்துக்கோ", "கொஞ்சம் பொறு", "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லத் தனித்தனி ஒயர்கள். மண்டியில் மூட்டை இறக்கும்போது கை மாற்றுவது மாதிரிதான்.

1996ல் யூஎஸ்பி வந்தது. அதன் பின்னால் இருந்த இன்டெல் குழுவில் முக்கியமானவர் பரோடாவில் படித்த அஜய் பட். 1998ல் ஆப்பிள் தன் ஐமேக்கில் பழைய போர்ட்டுகளை ஒரேயடியாகத் தூக்கியதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. யூஎஸ்பியில் நேராக ஒயரை ஆட்டுவது கிடையாது. கம்ப்யூட்டர் கேட்டால்தான் கருவி பேசும், அதுவும் பொட்டலம் கட்டி. ஆகவே அந்த முந்நூறு ரூபாய் ஒயரின் தலைக்குள் ஒரு சின்ன சிப் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து, எட்டு ஒயரில் போட்டு, பிரின்டர் "பொறு" என்றால் பொறுத்து நிற்கிறது.

அதனால்தான் சிப் யாருடையது என்று பார்த்து வாங்கச் சொல்கிறேன். யூஎஸ்பி-சீரியல் ஒயர்களுக்கு எஃப்டிடிஐ என்ற கம்பெனியின் சிப் பிரபலம், அதற்குப் போலிகளும் ஏராளம். 2014ல் விண்டோஸ் வழியாக வந்த அந்தக் கம்பெனியின் டிரைவர், போலி சிப்புகளின் அடையாள எண்ணையே அழித்துச் செயலிழக்க வைத்தது. நேற்று ஓடிய ஒயர் இன்று ஓடவில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய டாஸ் புரோகிராம்களில் பல, எல்பிடி1 என்ற போர்ட்டின் கதவை நேராகத் தட்டும். யூஎஸ்பி ஒயரில் அந்தக் கதவே கிடையாது, விண்டோஸுக்கு அது "ஒரு யூஎஸ்பி பிரின்டர்", அவ்வளவுதான். போதாததற்கு 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம் ஓடவே ஓடாது. 32 பிட் விண்டோஸாக இருந்தால், பிரின்டரை ஷேர் செய்து, "நெட் யூஸ்" கட்டளையால் அதற்கு எல்பிடி1 என்று பெயர் வைத்து, பெரும்பாலான புரோகிராம்களைச் சமாளிக்கலாம். இவருடையது விண்டோஸ் 11, அதில் 32 பிட்டே கிடையாது. ஆகவே டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற இலவச எமுலேட்டரைப் போட்டு, அதற்குள் பழைய புரோகிராமை ஓட்டி, அதன் எல்பிடி1ஐ விண்டோஸ் பிரின்டருக்குத் திருப்பிவிட்டோம். ஒயருக்குள் ஒரு துபாஷி, ஒயருக்கு வெளியே இன்னொரு துபாஷி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. மூன்று காப்பி பில் வந்துவிட்டது. (டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் நிஜமான பாரலல் போர்ட் உள்ள கார்டு ஒன்றை உள்ளே செருகிக்கொள்ளலாம். பழைய டாங்கிள் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் வழி, யூஎஸ்பி ஒயரில் டாங்கிள் வேலை செய்யாது.)

பில் வந்ததும் மாப்பிள்ளைக்கு நிம்மதி. நான் விடவில்லை. அதே எமுலேட்டரில் பிரின்டருக்குப் போவதைக் காகிதத்துக்குப் பதில் ஃபைலாகவும் பிடிக்கலாம். கடன் பேரேடு முழுவதையும் அப்படி "பிரின்ட்" போட்டு, டெக்ஸ்ட் ஃபைலாக்கி, அங்கிருந்து எக்ஸெலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். இப்போது என் தங்கை மகள் தினமும் ஐம்பது வாடிக்கையாளர் வீதம் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள். அடாப்டர் நமக்கு வாங்கித் தருவது கொஞ்சம் அவகாசம்தான், அந்த அவகாசத்தில் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமான சுரங்கத்தில் கூண்டை இறக்கி ஏற்றத் தெரிந்தவர்கள், பாறை வெடிக்கப் போவதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அவர்களுடைய கைத்தொழிலை வேறு ஒன்றோடு இணைக்க நடுவில் எதுவும் வைக்கவில்லை. பம்ப் நின்றது, ஷாஃப்ட்டில் தண்ணீர் ஏறியது, அவ்வளவுதான். மாரிகுப்பத்தில் 1894லிருந்து இருக்கும் ரயில் பாதைதான் மிச்சம். விடியற்காலையில் அதில் ஏறிப் பெங்களூர் போய் ராத்திரி திரும்பும் ஆயிரக்கணக்கானவர்கள் தாங்களே தங்களுக்கு வழி செய்துகொண்டார்கள்.

அவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஊரில் உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச விட்டு, போனில் பதிவு செய்துகொண்டு வாருங்கள்.