பிரெஞ்ச் ரெட் ஒயின் ஏன் துவர்க்குது? நம்ம ஊர் சாப்பாட்டுக்கு எது செட் ஆகும்?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் சுமார் 100 கி.மீ.யில் புதுச்சேரி. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர். அங்கே போய் முதல் முறையாக பிரெஞ்ச் ரெட் ஒயின் குடிக்கிற பலர், "என்ன இது, இப்படி துவர்க்குது?" என்று முகம் சுளிப்பது உண்டு. ஏன் அப்படி? எதோட சாப்பிடலாம்? எதைக் கவனிக்கணும்? பார்க்கலாம்.

துவர்ப்பு எங்கிருந்து வருது?

கருந்திராட்சையைத் தோல், விதையோடு சேர்த்து நொதிக்க வைத்துத்தான் ரெட் ஒயின் தயாரிக்கிறார்கள். அப்போது இறங்கும் 'டானின்' என்ற பொருள்தான் துவர்ப்புக்குக் காரணம். நாவல்பழம், பாக்கு, டீத்தூள் எல்லாவற்றிலும் டானின் உண்டு. இது எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்ட மாதிரி ஆகிவிடும்.

ஸ்ட்ராங்கான டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு குறையுது இல்லையா? பாலில் இருக்கும் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். ஒயினுக்கு அந்த வேலையைச் செய்வது இறைச்சியும் சீஸும். அதனால்தான் பிரான்ஸில் ரெட் ஒயினை சாப்பாட்டோடு குடிக்கிறார்கள்.

எந்த ஒயினுக்கு என்ன சுவை?

* போர்டோ: கேபர்நே சொவின்யோன், மெர்லோ திராட்சைகளின் கலவை. துவர்ப்பு அதிகம். காரம் குறைந்த ஆட்டுக்கறி ரோஸ்ட், சீஸ் பொருந்தும்.
* போஜொலே: கமே திராட்சை. துவர்ப்பு குறைவு, பழச்சுவை தூக்கல். கோழி வறுவல், காளான், பனீருக்கு ஓகே.
* வடக்கு ரோன்: சிரா திராட்சை. லேசான மிளகு வாசனை இருக்கும்.

அந்த மிளகு வாசனை வெறும் கற்பனை இல்லை. மிளகில் உள்ள 'ரோட்டண்டோன்' என்ற அதே வாசனைப் பொருள் சிரா திராட்சையிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் கண்டறிந்தார்கள். அதனால் மிளகு தூக்கலான மட்டன் சுக்காவுக்கு சிரா நல்ல ஜோடி.

மிளகாய்க் காரத்தோடு சேருமா?

சேராது. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு உணர்வியை ஆல்கஹாலும் தூண்டும். அதனால் காரம் இன்னும் ஏறும், துவர்ப்பும் கசப்பாகத் தெரியும். மீன் குழம்பும் வேண்டாம். ரெட் ஒயினில் உள்ள இரும்புச் சத்து, மீனோடு சேரும்போது கவுச்சி அடிக்கும்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வைக்கலாம். 'ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும்' என்பது ஐரோப்பிய வீடுகளுக்குச் சொன்னது. போர்டோவுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் போதும். நம்ம ஊர் வெயிலுக்கு, குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாக இருக்கும்.

இதையும் கவனிங்க

புதுச்சேரியில் வாங்கிய பாட்டிலை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டு வந்தால், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன் கீழ் வழக்கு பாயலாம். பாட்டிலோடு வண்டியும் பறிமுதல் ஆகலாம். குடிப்பதற்கான குறைந்தபட்ச வயது புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21.

ரெட் ஒயினில் பொதுவாக 12 முதல் 15 சதவீதம் ஆல்கஹால் உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல் முறை சிக்கினாலே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். 'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்று சொல்லி ஆரம்பிக்கவும் வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.