ஒரு விமானத்தின் ஓய்வு

எங்கள் ஊர் மாகறலுக்குச் செய்யாறு உண்டு, சம்பந்தர் பாடிய சிவன் கோயில் உண்டு, தறிச் சத்தமும் உண்டு. ஆகாய விமானத்துக்கும் எங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இருந்ததில்லை. 1992-ம் வருஷம் அந்தச் சம்பந்தம் ஏற்பட்டது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் அரக்கோணத்தில் கடற்படையின் விமானத் தளம் 'ராஜாளி' என்ற பெயரோடு திறக்கப்பட்டது. கோவாவில் இருந்த எட்டுப் பெரிய ருஷ்ய விமானங்கள் அங்கே குடியேறின. கடலே கண்ணில் படாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று கேட்காதவர்கள் அப்போது எங்கள் பக்கத்தில் குறைவு.

நான் பள்ளிக்கூடத்துப் பையன். ஒரு நாள் காலையில் தாத்தாவின் தறிக்குழி ஓரம் உட்கார்ந்திருந்தேன். வடக்கே எங்கேயோ கனமான முழக்கம் கிளம்பிற்று. இடி என்று நினைத்தால் நிற்கவில்லை. லாரி என்று நினைத்தால் தரையில் இல்லை. தாத்தா நாடாவை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

"இது ஒரு ஆள் போடுற சத்தம் இல்லேடா. ரெண்டு ஆள் சேர்ந்து போடுறாங்க" என்றார்.

அவர் கோர்வைப் புடவை நெய்தவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாகப் பிணைத்து நெய்கிற அந்த வேலைக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் இருந்தே தீர வேண்டும். அந்தக் காது சொன்ன தீர்ப்பு எவ்வளவு சரியானது என்று பல வருஷம் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. டியூ-142 என்ற அந்த விமானத்துக்கு நான்கு என்ஜின்கள். ஒவ்வோர் என்ஜினின் மூக்கிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுழலிகள். ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். சுழலிக்கு நான்கு இதழ் வீதம் மொத்தம் முப்பத்திரண்டு. ஓர் என்ஜினுக்குச் சுமார் 15,000 குதிரைச் சக்தி. சுழலும் இதழ்களின் நுனி ஒலியின் வேகத்தையே தாண்டிவிடும். முழக்கத்துக்குக் காரணம் அதுதான்.

இந்த விமானத்தின் வம்சாவளி ஒரு நாவலுக்குப் போதுமானது. 1944-ல் ஜப்பானியர் மீது குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் சில, திரும்ப வழியில்லாமல் சோவியத் நாட்டின் விளாடிவாஸ்டாக் அருகே இறங்கின. சோவியத்துக்கும் ஜப்பானுக்கும் அப்போது போர் இல்லை. ஆகையால் விமானங்களைத் திருப்பிக் கொடுக்காமல் ஸ்டாலின் வைத்துக்கொண்டார். "இதைப் போலவே ஒன்று செய்" என்று ஆந்திரேய் துப்போலெவ் என்ற நிபுணருக்குக் கட்டளை பிறந்தது. இந்தத் துப்போலெவ் 1937-ல் கைதாகி, சிறைக்குள் இருந்தபடியே விமானம் வரைந்து, 1941-ல் விடுதலையானவர். கட்டளையை மீறினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் மாதிரிப் புடவை ஒன்று கையில் கிடைத்தால் ஓரத்தைப் பிரித்து இழை எண்ணிப் பார்ப்பார்கள். அதைத்தான் அவர்களும் செய்தார்கள். ஒரு விமானத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பையும் அளந்தார்கள். 1947-ல் டியூ-4 பறந்தது. அந்த உடலின் பருமனை வைத்துக்கொண்டே 1952-ல் டியூ-95 என்ற குண்டுவீச்சு விமானம் பிறந்தது. யுத்தத்துக்குப் பிறகு சோவியத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெர்மானிய, ஆஸ்திரிய நிபுணர்களின் உழைப்பும் அதன் என்ஜினில் கலந்திருக்கிறது. 1961 அக்டோபர் 30-ந் தேதி, உலகம் கண்ட மிகப் பெரிய அணுகுண்டைச் சோதனைக்காகப் போட்டது அந்த ஜாதி விமானம்தான். அதன் கடற்படைத் தம்பி, 1968-ல் முதன்முதல் பறந்த டியூ-142. ஹிரோஷிமாவில் குண்டு போட்டதும் ஒரு பி-29 என்பதை நினைத்தால், எங்கள் வேப்பமரத்துக்கு மேலே போனது எப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை என்று புரியும்.

ஆனால் பிள்ளை குடும்பத்தைப் போல இல்லை. 1988-ல் நம் கடற்படையில் சேர்ந்த நாள் முதல் அதற்கு இட்ட வேலை, கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது. நீர்மூழ்கிக் கப்பல் இருக்கலாம் என்று தோன்றுகிற இடத்தில் மிதவைகளை உதிர்க்கும். அவை தண்ணீருக்கடியில் காது வைத்துக் கேட்டதை விமானத்துக்குச் சொல்லும். சேர்ந்த வருஷமே நவம்பரில் மாலத் தீவில் கலகம் நடந்தபோது கண்காணிக்கப் போயிற்று. 1999-ல் கார்கில் போர்க்காலத்திலும் கடலைக் காவல் காத்தது. தன் சத்தத்தை வைத்துக்கொண்டு பிறர் சத்தத்தை ஒட்டுக்கேட்கப் போன விசித்திரத்தை என்னவென்று சொல்வது! தண்ணீருக்குள் இருப்பவர்களுக்கே இது வருவது கேட்டுவிடும் என்பார்கள்.

அதைப் பெற்ற தேசம் 1991-ல் மறைந்தது. அநாதையான யந்திரத்துக்கு உதிரி உறுப்பு தேடுவது எவ்வளவு தொல்லை என்பது, பழைய தறிக்கு அச்சு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். அப்படியும் நம்மவர்கள் இருபத்தொன்பது வருஷம், சுமார் 30,000 மணி நேரம், விபத்து ஒன்றுமில்லாமல் அதைப் பறக்க வைத்தார்கள். இதைச் சாதித்தவர்கள் எண்ணெய்க் கையோடு நின்ற தொழிலாளிகளும் வீரர்களும். அவர்கள் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

2017 மார்ச் 29-ந் தேதி ராஜாளியில் விடை கொடுத்தார்கள். அட்மிரல் சுனில் லான்பா தலைமை வகித்தார். அமெரிக்கப் போயிங் கம்பெனியின் பி-8ஐ விமானங்கள் அந்த இடத்துக்கு வந்தன. பி-29 பிறந்ததும் அதே கம்பெனியில்தான். எழுபது வருஷம் சுற்றிவிட்டுக் கதை புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

ஒரு விமானம் விசாகப்பட்டினத்துக்குக் கடைசித் தடவையாகப் பறந்து போய், கடற்கரைச் சாலையில் காட்சிப் பொருளாயிற்று. அந்த வருஷம் டிசம்பரில் ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். நான் போய்ப் பார்த்தேன். ஐம்பது மீட்டர் சிறகை விரித்துக்கொண்டு நிற்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம், மணலில், 2001-ல் ஓய்வு பெற்ற 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பல். அதுவும் சோவியத்தில் பிறந்ததுதான். வேட்டைக்காரனும் வேட்டைப் பிராணியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி வருகிற குழந்தைகளுக்கு முகம் காட்டிக்கொண்டிருக்கின்றன.

அதன் கீழே நின்றபோது என் மனம் ஒரு நிலையில் இல்லை. கொல்வதற்காகச் செய்த யந்திரத்துக்கு இரங்கலாமா? யோசித்துப் பார்த்தால், ஆயுதத்துக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது. பகைவன் மேல் விழாமலே கிழமாகிப் போன ஆயுதம், தன் காரியத்தை முடித்துவிட்ட ஆயுதம். நான் இரங்கியது அதற்காக அல்ல. சிறகைக் காப்பாற்றி வைத்தவர்களால் முழக்கத்தைக் காப்பாற்றி வைக்க முடியவில்லை. அந்த முழக்கத்தில் எங்கே பிசகு என்று காதாலேயே கண்டுபிடித்த மனிதர்களுக்கு, அந்தக் காதினால் இனி உபயோகமில்லை.

தாத்தா கண்ணை மூடிய பிறகு அவர் தறியைப் பிரித்தோம். அட்மிரல் யாரும் வரவில்லை. மரத்தில் பாதி பந்தற்காலாயிற்று, பாதி அடுப்புக்குப் போயிற்று. நாடா ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். பேரக் குழந்தைகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எப்படிச் சத்தம் போடும்?" என்று கேட்கிறார்கள். வாயால் செய்து காட்டினேன். சரியாக வரவில்லை.