கெடார் பக்கத்துப் பனைகள்: வரியிலிருந்து தடை வரை

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள கெடாரும் அதைச் சுற்றிய ஊர்களும் ஏரிப்பாசனமும் மானாவாரியும் கலந்த நிலப்பகுதி. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லையின் ஓரத்திலும் புறம்போக்கிலும் பனை நிற்பது இங்கே பழைய வழக்கம். காட்டு மரம்போல் தோன்றினாலும் கரையிலும் வரப்பிலும் வரிசையாக நிற்பவை மனிதர் கொட்டை ஊன்றி வளர்த்தவை. அடர்ந்த சல்லிவேர் கரை மண்ணை இறுக்கிப் பிடிக்கும். நிழல் குறைவு என்பதால் பக்கத்துப் பயிர் கெடாது. முளைத்த பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்துக்கும் பனைக்குமான தொடர்பின் பழைய சான்று விக்கிரவாண்டிக்கு அருகிலுள்ள பனையபுரம். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய புறவார் பனங்காட்டூர் இவ்வூர்தான். நடுநாட்டுத் தலங்களுள் ஒன்றான இங்குள்ள பனங்காட்டீசர் கோயிலின் தலமரம் பனை.

பனை அரசுக்கு வருவாய் தரும் மரமாகவும் இருந்தது. பல்லவர், சோழர் சாசனங்களில் காணப்படும் ஈழப்பூட்சி என்னும் வரி, மரமேறிக் கள் இறக்குவோர் செலுத்தியது. பிராமணர்களுக்கு நிலம் வழங்கிய செப்பேடுகள் சிலவற்றில், அந்நிலத்துத் தென்னையிலும் பனையிலும் கள் இறக்கும் ஈழவர் ஏறக்கூடாது என்ற விதியும் இடம்பெற்றது. மரம் யார் நிலத்தில் நின்றாலும், அதன் சாற்றை யார் இறக்கலாம் என்பதை ஆட்சியே முடிவு செய்தது. பின்வந்த நூற்றாண்டுகளிலும் பனையின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது இந்த உரிமைதான்.

சாறு இறக்கும் முறையில் பெரிய மாற்றம் நிகழவில்லை. பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். இரண்டுமே சாறு தரும். பாளையை மரக்கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் அரிவாளால் மெல்லச் சீவி, அடியில் கலயம் கட்டுவார்கள். தை, மாசியில் தொடங்கும் பருவம் ஆடிக்குள் ஓயும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக இறங்கும், தடவாவிட்டால் கள்ளாகும். பதநீரில் சர்க்கரை நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு இருப்பதால் ஒரு கிலோ பனைவெல்லத்துக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் காய்ச்ச வேண்டும். வட மாவட்டங்களில் இத்தொழிலைக் கிராமணி சமூகத்தார் பெருமளவில் செய்தனர். மரம் நிலக்காரருடையது, ஏறுபவர் அதைக் குத்தகைக்குப் பிடிப்பவர் என்ற ஏற்பாடே பொதுவானது.

சாறு தவிர்த்த பயன்களும் ஊரைத் தாங்கின. ஓலை கூரையானது, கூடையும் விசிறியும் ஆனது. முதிர்ந்த தண்டு வாரையும் உத்திரமும் ஆனது. நுங்கு கோடைக்கும், பனங்கிழங்கு பொங்கலுக்கும் சந்தைக்கு வந்தன. பக்கத்துப் புதுச்சேரியில் திரட்டிக் காக்கப்படும் சைவச் சுவடித் தொகுப்பில் பெரும்பகுதி ஓலைச் சுவடிகளே. அத்தொகுப்பை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பனையின் பயன்கள் 801 எனப் பட்டியலிட்ட ‘தால விலாசம்’ என்ற தமிழ் நூலை, இலங்கையில் வாழ்ந்த வில்லியம் பெர்குசன் 1850-இல் வெளியிட்ட பனை பற்றிய நூலால் ஆங்கிலேயரும் அறிந்தனர்.

ஆங்கிலேய ஆட்சியில் தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்த இவ்வட்டாரம், சென்னை மாகாணத்தின் 1886ஆம் ஆண்டு ஆப்காரி (மதுவரி)ச் சட்டத்தின் கீழ் வந்தது. கள் இறக்கும் மரங்களுக்கு எண்ணிட்டு, மரத்துக்கு இவ்வளவு என வரி வாங்கினார்கள். சுண்ணாம்புக் கலயத்தில் இறங்கும் பதநீர் கள்வரிக்குள் வரவில்லை. கலயத்தில் பூசிய சுண்ணாம்பே சட்டத்தின் எல்லைக்கோடானது.

1937-இல் ராஜாஜி அமைச்சரவை சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. கள் இறக்கியவர்களைப் பனைவெல்லத் தொழிலுக்குத் திருப்புவது அரசின் திட்டம். காந்தி ஏற்கெனவே பனைவெல்லத்தைக் கிராமத் தொழிலாக முன்னிறுத்தியிருந்தார். கூட்டுறவுச் சங்கங்கள் அதன் வழியில் எழுந்தன. ஆனால் வெல்லம் காய்ச்ச விறகும் நாள் முழுவதுமான உழைப்பும் வேண்டும். ஆலைச் சர்க்கரையின் விலையோடு போட்டியிடவும் வேண்டும். 1971-இல் தளர்ந்த மதுவிலக்கு 1974-இல் திரும்பியது. 1981-இல் கள்ளுக்கடைகள் மீண்டும் திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. எல்லை தாண்டிய புதுச்சேரியில் கள்ளுக்கடைகள் தொடர்ந்தன.

இதே காலத்தில் நிலத்தின் கணக்கும் மாறியது. திண்டிவனம், மரக்காணம் பக்கத்துக் கடலோர மணலில் சவுக்கு பரவியது. அந்தமான் முதல் பசிபிக் தீவுகள் வரை இயற்கையாக வளரும் இம்மரத்தை, 19ஆம் நூற்றாண்டில் எரிவிறகுக்காகவும் ரயில் எஞ்சினுக்காகவும் சென்னை மாகாணக் கடலோரத்தில் நட்டார்கள்; பின்னாளில் காகித ஆலைகளும் வாங்கின. சவுக்கு நான்கைந்து ஆண்டில் வெட்டுக்கு வரும். பனை பாளை விட 12 முதல் 20 ஆண்டு ஆகும். உள்நாட்டில் கிணற்றுப்பாசனத்தோடு கரும்பு வந்தது, ஓலைக் கூரை ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் வழிவிட்டது. ஏறுவோர் குறையவே, மரங்கள் செங்கல் சூளைகளுக்கு விறகாயின.

1978-இல் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட பனைக்கு வெட்டுக் கட்டுப்பாடு வந்தது நெடுநாள் கழித்துத்தான். 2021 ஆகஸ்டில் தாக்கலான தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. 76 லட்சம் பனைவிதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்குவது, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டத் தடை, நியாயவிலைக் கடைகளில் பனைவெல்லம் விற்பது ஆகியவை அதில் இருந்தன. விக்கிரவாண்டி வட்டாரத்து நரசிங்கனூர், பூரிகுடிசை போன்ற ஊர்களில் பனையேறுவோர் இன்னும் இருக்கிறார்கள். கள்ளுக்கு அனுமதி வேண்டும் என்பது பனையேறிகளின் நீண்டகாலக் கோரிக்கை. 2021-இல் ஊன்றிய விதை பாளை விடுவது 2030களின் நடுப்பகுதியில்தான் தொடங்கும். அதுவரை இத்தொழில் நிற்குமா என்பது, ஏறுபவருக்கு அந்தச் சாற்றில் எவ்வளவு உரிமையும் வருமானமும் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.