கேத்தரின் யாருக்காகச் செத்தாள்?

ஒரு தொடரின் போக்கு பிடிக்கவில்லை என்று பெண்கள் கோபப்பட்டால், "கதைதானே, இதற்குப் போய் இவ்வளவு ஆத்திரமா?" என்ற கேள்விதான் முதலில் வரும். அது மாயக்கதைத் தொடர் என்றால் கேலியும் சேர்ந்துகொள்ளும். நான் அந்தக் கோபத்தை வரலாற்று ஆவணமாக வாசிக்கிறேன். கதையைத் தீர்மானிக்கும் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்கள் அந்தக் கதையை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது அதில்தான் பதிவாகியிருக்கிறது.

1987-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' தொடங்கியது. மூலக்கதை பிரெஞ்சு. அதை 1740-இல் வெளியிட்ட வில்நெவும், 1756-இல் சுருக்கி எழுதிப் பரவலாக்கிய லெப்ரான்ஸ் து போமோனும் பெண்கள். தொடர் அந்தக் கதையை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தது. கேத்தரின் வசதியான வீட்டு வழக்கறிஞர். வேறு யாரோ என்று நினைத்து அவளைக் கடத்தும் ஆண்கள் அவள் முகத்தைக் கீறிச் சிதைக்கிறார்கள். நகரத்துக்கு அடியில் சுரங்கங்களில் வாழும் சிங்கமுக வின்சென்ட் அவளைக் காப்பாற்றுகிறான். குணமான கேத்தரின் அப்பாவின் நிறுவனத்தை விட்டு விலகி, அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்கிறாள். தற்காப்புக் கலை பழகுகிறாள். ரசிகைகளை ஈர்த்தது காதல் மட்டுமல்ல என்பது என் எண்ணம். வன்முறைக்கு ஆளானவள் தன் வாழ்க்கையைத் தானே மாற்றி அமைத்துக்கொள்கிறாள். அவளை அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நிற்கிறான் ஓர் ஆண்.

சேனலுக்கோ ஆண் பார்வையாளர்கள் வேண்டியிருந்தது. சண்டைக் காட்சிகள் கூடின. கேத்தரினாக நடித்த லிண்டா ஹாமில்டன் கருவுற்றிருந்தார், தொடரிலிருந்து விலகினார். 1989 டிசம்பரில் மூன்றாம் சீசன் தொடங்கியபோது, கேத்தரினை ஒரு வில்லன் அடைத்துவைக்கிறான். அவள் வின்சென்டின் குழந்தையைப் பெற்றதும் கொல்லப்படுகிறாள். அதன் பிறகு கதை, குழந்தையைத் தேடி அலையும் வின்சென்டின் துயரமும் பழிவாங்கலுமாக மாறுகிறது. 1990-இல் தொடரே நின்றுபோனது.

ரசிகைகள் பிளவுபட்டார்கள். மூன்றாம் சீசனைத் தங்கள் கதையாக ஏற்கவே மறுத்தவர்கள் உண்டு. வருத்தத்தோடு தொடர்ந்து பார்த்தவர்களும் உண்டு. பலர் கேத்தரின் உயிரோடிருக்கும் கதைகளை எழுதி, நகலெடுத்து, சிற்றிதழ்களாகத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். ஹென்றி ஜென்கின்ஸ் 1992-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் ஓர் இயல் முழுவதும் இந்த ரசிகைகளைப் பற்றியது. நடிகை விலகினால் பாத்திரமும் போகத்தான் வேண்டும் என்பது நியாயமான வாதமே. ஆனால் ஊரை விட்டு அனுப்பியிருக்கலாம். சிறைவைத்து, பிள்ளை பெறவைத்து, கொன்றுதான் ஆகவேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் கட்டாயப்படுத்தவில்லை. அது கதை எழுதியவர்களின் தேர்வு.

இந்தத் தேர்வு எவ்வளவு வழக்கமானது என்பதை 1999-இல் கெயில் சிமோன் காமிக்ஸ் உலகில் காட்டினார். கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, ஆற்றல் பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களை அவர் பட்டியலிட்டார். காதலியின் உடலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் நாயகன் கண்டெடுக்கும் 1994-ஆம் ஆண்டுக் கதையிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் பெயர் வந்தது. ஆணின் கதை நகர்வதற்குப் பெண்ணின் உடல் விறகாகிறது என்பதை அந்தப் பட்டியல் ஒரே பார்வையில் காட்டியது.

'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' எழுத்தாளர்களில் ஒருவரான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பிறகு எழுதிய நாவல்களிலிருந்து 2011-இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பிறந்தது. 2015-இல் ஐந்தாம் சீசனில், நாவலில் வேறொரு பெண்ணுக்கு நேரும் கொடிய திருமணத்தைத் தொடர் சான்சாவுக்கு மாற்றியது. திருமண இரவில் அவள் வன்புணர்வுக்கு ஆளாகிறாள். கேமராவோ அதைப் பார்க்கவைக்கப்படும் தியானின் முகத்தில் போய் நிற்கிறது. அமெரிக்க செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் இனி இத்தொடரைப் பார்க்கப்போவதில்லை என்று பகிரங்கமாக அறிவித்தார். "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று பதில் சொன்னவர்கள் பலர். டிராகன்கள் பறக்கும் உலகத்துக்கு எந்தக் காலம்?

நான்கு ஆண்டுகள் கழித்து, கடைசி சீசனில், அந்தக் கொடுமைகள்தான் தன்னை உருவாக்கின என்று சான்சாவையே சொல்லவைத்தார்கள். அதே அத்தியாயத்தில் மிசாண்டே சங்கிலியோடு தலைவெட்டப்படுகிறாள். அடிமைத்தளையிலிருந்து மீண்டவள் அவள். முக்கியப் பாத்திரங்களில் கறுப்பினப் பெண் அவள் ஒருத்திதான். அந்தச் சாவு டெனேரிஸின் வெறிக்குக் காரணமாகிறது. அடுத்த அத்தியாயத்தில் டெனேரிஸ் ஊரை எரிக்கிறாள். அதற்கடுத்ததில் காதலன் கையால் சாகிறாள். அவளிடம் கொடூரம் முன்பே இருந்தது, உண்மைதான். அதிகாரம் ஒரு பெண்ணையும் கெடுக்கும் என்பதும் சொல்லத்தக்க கதையே. ஆனால் எட்டு ஆண்டுகள் வளர்ந்த ஒருத்தியின் வீழ்ச்சியை அவள் மனதுக்குள்ளிருந்து காட்டாமல், அவளைக் கொல்லும் ஆணின் துயரமாக முடித்தார்கள்.

கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். 'அவசரமாக முடித்துவிட்டார்கள்' என்பதே அந்தக் கோபத்தின் பொதுவான நினைவாக இன்று எஞ்சியிருக்கிறது. 2015-இலேயே பெண்கள் எழுப்பிய கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது. மொத்தம் 73 அத்தியாயங்களில் பெண் இயக்கியவை நான்கு. நான்கையும் இயக்கியவர் மிஷெல் மெக்லாரன். நான்காம் சீசன் முதல் ஓர் அத்தியாயத்துக்குக்கூட எழுத்தாளராகப் பெண்ணின் பெயர் இல்லை. அறைக்குள் பெண்கள் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கேள்வியை உள்ளேயே கேட்க ஆள் இருந்திருப்பார்கள்.

ஊடகம் படிக்கும் பெண்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து எடுத்துத் தர என்னிடம் இரண்டு கேள்விகள் உண்டு. அவளுக்கு அடி விழும்போது கேமரா யார் முகத்தில் நிற்கிறது? அதற்குப் பிறகு வரும் காட்சி யாருடையது? கேத்தரினுக்காகச் சிற்றிதழ் நடத்திய பெண்கள் கோபத்தோடு நிற்காமல், அடுத்த காட்சியைத் தாங்களே எழுதினார்கள்.