தை மழையும் கொடைக்கானல் சூரியனும்



பொங்கல் முடிந்து ஒரு வாரம் கொடைக்கானலில் மகள் வீட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். "குளிர் எப்படி சார்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. போன அன்று மூடுபனி. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. மறுநாள் துடைத்துவிட்டாற்போல் நீல வானம். விடிகாலையில் ஏரிக்கரைப் புல்லில் உப்புத் தூவியதுபோல் உறைபனி. இரண்டு நாள் அப்படியே நல்ல வெயில். பிறகு கிழக்கிலிருந்து மேகம் ஏறி வந்து, விடாமல் தூறல். ஸ்வெட்டரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே பொழுது போயிற்று.

அந்தத் தூறல் அன்றுதான் ஊரிலிருந்து தம்பி பேசினான். "அண்ணே, இங்க மானம் இருட்டிக்கிட்டு வருது. சம்பா பழுத்து நிக்கிது. அறுவடை மெஷினுக்குச் சொல்லி நாலு நாளாச்சு, இன்னும் வரல." மலையில் எனக்கு வேடிக்கையாக இருந்த அதே மேகம், வீரசோழன் கரையில் அவனுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிட வேண்டும். சில வருஷங்களில் வங்கக் கடலில் தங்கிவிட்ட ஒரு சுழற்சி தை மாதத்திலும் மழையை இழுத்து வந்துவிடும். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டா முழுக்க அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை வாங்கமாட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை நாலு மா சாய்ந்ததோடு தப்பித்தோம்.

மகள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் சூரிய ஆய்வகம். ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன்; கணக்குப் போட்டுப் பாருங்கள், நம் ஊரில் 21 டிகிரி இருக்கும் விடியற்காலையில் அங்கே ஆறு. அந்தக் குளிரில் போய் ஏன் வெள்ளைக்காரன் சூரியனைப் பார்க்க உட்கார்ந்தான்? தம்பி கேட்ட கேள்விக்காகத்தான். மழை எப்போது வரும், எப்போது பொய்க்கும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது 1876-78 பஞ்சம். 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த வருஷம் தென்மேற்கும் பல இடங்களில் கைவிட்டது. சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் தக்காணத்திலும் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். தஞ்சாவூர் ஜில்லா மற்ற ஜில்லாக்களைப்போல் அழியவில்லை. காவிரியும், ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய மேலணையும் காப்பாற்றின. ஆற்றுப் பாசனம் இல்லாத பக்கமெல்லாம் எலும்புக்கூடாக ஜனங்கள் நின்றார்கள். மழை இல்லாததால் பஞ்சம் வந்தது உண்மை. அத்தனை பேர் செத்ததற்கு மழையை மட்டும் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. பஞ்ச காலத்திலும் தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலை முகாம்களில் கூலியை வெட்டினார்கள்.

அந்த நேரத்தில் வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரியும் நார்மன் லாக்யர் என்ற வானியலாளரும் ஒரு யோசனையைக் கிளப்பினார்கள். சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அவை குறையும்போது சென்னையில் மழையும் குறைகிறது, ஆகவே சூரியனைக் கவனித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லலாம் என்றார்கள். சர்க்காருக்கும் இது இனித்தது. பழி சூரியன் மேல் போய்விடுகிறதல்லவா! சென்னை வானியல் கூடத்தின் போக்சன் 1882இல் மலைமேல் ஒரு தொலைநோக்கி கேட்டார். காகிதம் நகர்ந்து நகர்ந்து, 1893இல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. மிச்சி ஸ்மித் பொறுப்பேற்றார். 1899 ஏப்ரல் 1 முதல் அது தனி ஆய்வகம்.

மழை ரகசியம் அங்கே கிடைக்கவில்லை. 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித மேதை. உலகம் முழுக்க உள்ள அழுத்த, மழைக் கணக்குகளைச் சலித்துப் பார்த்து, சூரியப் புள்ளிக்கும் நம் பருவமழைக்கும் நம்பத்தக்க உறவு இல்லை என்று காட்டினார். பசிபிக் கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்துமாக் கடல் பக்கம் இறங்குகிறது என்ற ஊசலாட்டத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே. இன்று வானிலை அறிக்கையில் வரும் எல் நினோ அதனோடு சேர்ந்ததுதான். 1877இல் மிகப் பலமான எல் நினோ இருந்தது என்று பின்னால் தெரிந்தது. பதில் கடலில் இருக்க, வானத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் வானம் வேறொன்றைக் கொடுத்தது. 1907இல் ஜான் எவர்ஷெட் அங்கே வேலைக்கு வந்தார். அவர் மனைவி மேரியும் வானியலாளர்தான். அவரைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுதவேண்டும். சூரியனைத் தெளிவாகப் பார்க்க மேகமில்லாத வானம் மட்டும் போதாது, காற்றும் அலையாமல் நிற்கவேண்டும். தரை சூடேறுவதற்கு முன், மலைக் காலைகளில் அது கிடைக்கும். 1909 ஜனவரி 5, நமக்கு மார்கழி. அன்று எடுத்த நிறமாலைப் படங்களில் ஒரு பெரிய சூரியப் புள்ளியின் கோடுகள் இடம் பெயர்ந்திருந்தன. நம் ஸ்டேஷனுக்கு ரயில் நெருங்கும்போது ஊதல் கீச்சென்றும், தாண்டிப் போகும்போது கம்மியும் கேட்குமே, ஒளியிலும் அதே கதைதான். புள்ளியில் வாயு புயல்போல் சுழலும் என்று எதிர்பார்த்தவருக்கு, அது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது தெரிந்தது. உலகமெங்கும் பாடப்புத்தகத்தில் எவர்ஷெட் விளைவு என்று இருப்பது இதுதான்.

1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. இப்போது கணினியிலும் ஏற்றிவிட்டார்கள். இத்தனை நீளமான சூரியப் பதிவு உலகில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. மழையும் மூடுபனியும் பிடித்துக்கொண்ட நாட்களில் மட்டும் படம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் அப்படி வெற்று நாட்கள் நிறைய. அந்த நாட்களில் பெரும்பாலும் இங்கே நம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியிருக்கும்.